சென்னையிலிருந்து ஜாலி பாய் தீவு: பறவையும் பவளமும் பார்க்க ஒரு முழு நாள்

அந்தமான் நமக்குப் பக்கம்தான். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் இரண்டே கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஆனாலும் போய்வந்தவர்களிடம் கடலுக்குள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வருவது ஒரே பதில்: "கலர் கலரா மீன் இருந்துச்சு, அதுக்குள்ள மூக்குல தண்ணி ஏறிடுச்சு." இவ்வளவு செலவு செய்து, விடுப்பு எடுத்துப் போய், இப்படித் திரும்ப வேண்டியதில்லை.

எங்கே பிசகுகிறது என்றால், மாஸ்க் போட்டு, குழாய் வழியாக மூச்சு விட்டபடி மிதப்பதைச் சென்னையிலேயே பழகாமல், பவளப்பாறையின் மேலே மிதந்துகொண்டு பழகப் பார்க்கிறோம். பதற்றத்தில் கால் கீழே தேடும். கால் படும் இடம் பவளம். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதுவே அதிகம். ஒரு உதையில் போவது பல வருட வளர்ச்சி. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி சென்னையில் நடக்கும் வேலை. அதைச் செய்துவிட்டுப் போனால் தீவில் கிடைக்கும் சில மணி நேரமே தாராளமாகப் போதும்.

எந்தத் தீவு

அந்தமான் நிகோபாரில் சிறிதும் பெரிதுமாக 836 தீவுகள். ஹேவ்லாக், நீல் இரண்டையும் எல்லோருக்கும் தெரியும். அங்கே விடுதி, ஹோட்டல், வாடகை ஸ்கூட்டர் எல்லாம் உண்டு. ஆனால் கடலும் காடும் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் சொல்வது ஜாலி பாய். போர்ட் பிளேரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வண்டூரில் படகு ஏற வேண்டும். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளில் இதுவும் ஒன்று. 1983-இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்கா 15 தீவுகளும் இடையிலுள்ள கடலுமாக 281.5 சதுர கிலோமீட்டர். ஜாலி பாயில் வீடு இல்லை, கடை இல்லை, இரவு தங்க அனுமதி இல்லை. காலையில் போய் மதியம் திரும்பிவிட வேண்டும். இந்தக் கெடுபிடியால்தான் அங்கே இன்னும் பார்க்க ஏதோ மிச்சமிருக்கிறது.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. ஜாலி பாய் வருடம் முழுக்கத் திறந்திருக்காது. பொதுவாக மழை ஓய்ந்த மாதங்களில் ஜாலி பாய்க்கும், மற்ற மாதங்களில் அதே பூங்காவிலுள்ள ரெட் ஸ்கின் தீவுக்கும் படகு விடுகிறார்கள். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது ஓய்வெடுக்கிறது. மழைக்காலத்தில் போகிறவர்கள் ரெட் ஸ்கின்தான் கிடைக்கும் என்று தெரிந்தே போகலாம்.

இவ்வளவு தூரம் எதற்கு, மன்னார் வளைகுடா இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளும் அருமையான பவளமும் அங்கே உண்டு. ஆனால் அதுவும் தேசியப் பூங்கா. பெரும்பாலான தீவுகளில் பொதுமக்கள் கால் வைக்க முடியாது. குருசடை போன்ற ஓரிரு இடங்களில் வனத்துறை நடத்தும் சுற்றுலாவுக்குத் தனியாகத் திட்டம் போட வேண்டும்.

எந்த மாதம், எந்த நாள்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை. அக்டோபருக்கு அப்புறமும் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் படகு நின்றுவிடும். ஏப்ரலில் வெயில் கடுமை, ஆனால் காற்று அடங்கிக் கடல் தெளிந்திருக்கும். என் தேர்வு பிப்ரவரி இறுதியும் மார்ச்சும்.

மாதம் முடிவானதும் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். நீரோட்டம் வேகமாக ஓடி மணலைக் கிளப்பும், தண்ணீர் கலங்கும். அஷ்டமிக்கு ஓரிரு நாள் கழித்து ஏற்றவற்றம் சுருங்கி ஓட்டம் தணியும். அஷ்டமி நவமியில் பயணம் கிளம்பாதே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மீன் பார்க்க நவமி, தசமியை விட்டால் நல்ல நாள் கிடையாது. முடிந்தால் தீவில் இருக்கும் நேரம் கடல் ஏறி நிற்கும் நேரத்தோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது உங்கள் வயிற்றுக்கும் பவளத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. போர்ட் பிளேர் ஏற்றவற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது.

திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. ஞாயிறு இரவு போய் இறங்கி, திங்கள் பார்த்துவிட்டு, செவ்வாய் திரும்புவதாக டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

சென்னையில் முதல் வேலை: மாஸ்க்

தண்ணீருக்குள் பார்க்க உதவும் கண்ணாடி மாஸ்க்கும், வாயால் மூச்சு விடும் குழாயான ஸ்நார்க்கலும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். இருந்தாலும் மாஸ்க்கை மட்டுமாவது சொந்தமாக வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஒவ்வொரு முகமும் ஒரு அளவு. பொருந்தாத மாஸ்க்கோடு கடலில் இறங்கினால் அந்த நாள் போச்சு. சென்னையில் பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் வைத்திருக்கிறார்கள். பட்டையைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்து, கையை எடுங்கள். குனிந்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்களுடையது. மீசை அடர்த்தியாக இருந்தால் மேலுதட்டுக்கு மேல் தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்தாலே போதும், முழுவதும் எடுக்க வேண்டாம்.

கண்ணாடி போடுபவர்கள் பவர் வைத்த மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். முகம் முழுவதையும் மூடி, மூக்காலும் சுவாசிக்கலாம் என்று விற்கும் மாஸ்க் எனக்கு உடன்பாடு இல்லை. விட்ட மூச்சு உள்ளேயே தங்கித் தலை சுற்ற வாய்ப்புண்டு. அவசரத்தில் சட்டென்று கழற்றவும் முடியாது.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் உள்பக்கம் மெல்லிய சிலிகோன் படலம் இருக்கும். வெள்ளை டூத்பேஸ்டை விரலில் எடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கடலில் என்ன தடவினாலும் பனி மூடும். செய்துவிட்டால் இறங்கும் முன் கொஞ்சம் எச்சிலைத் தடவி அலசினால் போதும்.

சன்ஸ்க்ரீன் விஷயத்தில் கவனம் தேவை. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு வேதிப்பொருட்களும் பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாயில் 2021 முதல் அவை கலந்த சன்ஸ்க்ரீன் விற்பனைக்கே தடை. சுலபமான வழி, கழுத்து வரை மூடும் முழுக்கை நீச்சல் சட்டை. முதுகு பொசுங்காது, பூச வேண்டிய இடமும் முகமும் புறங்கையும்தான். அங்கே மட்டும் துத்தநாக ஆக்ஸைடு சேர்ந்ததாகப் பூசிக்கொள்ளலாம்.

இரண்டாவது வேலை: நீச்சல் குளம்

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கடலில் இறங்கிப் பழகலாமே என்று நினைக்க வேண்டாம். நம் கரையில் அலை உடையும் இடமே ஆபத்து. அடியிழுப்பில் வருடம் தவறாமல் உயிர்கள் போகின்றன. அங்கே மணல் கலங்கிய தண்ணீரில் கை நீட்டினால் விரல் தெரியாது. பழகக் குளம்தான் சரி. மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது, வேளச்சேரியில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் வளாகம் இருக்கிறது. கூட்டமில்லாத வேளையாகப் பார்த்து, பொறுப்பாளரிடம் மாஸ்க் போட்டுப் பழகலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி குனிந்து முகத்தை மட்டும் நனைத்து, ஸ்நார்க்கல் வழியாக வாயால் மூச்சு விடுங்கள். ஐந்து நிமிடம் அவசரமில்லாமல் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் மூச்சு படபடக்கும், போகப் போக அடங்கும். அது அடங்கும் வரை அடுத்ததுக்குப் போகாதீர்கள்.

அப்புறம் குழாயில் வேண்டுமென்றே தண்ணீரை நிரப்பிக்கொண்டு, 'தூ' என்று ஒரே ஊதலில் வெளியேற்றுங்கள். கடலில் சின்ன அலை அடித்தாலே குழாயில் தண்ணீர் புகும். அந்த நேரம் ஊத வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும், யோசித்துக்கொண்டிருக்க முடியாது. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் அதன் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதுங்கள். தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக வெளியேறிவிடும்.

இந்த இரண்டும் வந்துவிட்டால் கடைசிப் பாடம் மிதப்பது. கையைக் காலை ஆட்டாமல், முகம் கீழே பார்த்தபடி, பத்து நிமிடம் சும்மா கிடக்க வேண்டும். நீச்சலில் கில்லாடிகளுக்கும் இதுதான் கஷ்டம். அவர்களுக்கு ஆடாமல் இருக்க வராது. காலில் துடுப்பு (ஃபின்) மாட்டினால் முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து மெதுவாக அசையுங்கள். சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்தால் கீழே மணல் கிளம்பும், பவளம் உடையும்.

நீச்சல் தெரியாதவர்களும் போகலாம். லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள், ஒரு கைடு மிதவை வளையத்தைப் பிடித்து இழுத்துப்போவார். ஆனால் மேலே சொன்ன மூச்சுப் பயிற்சி அவர்களுக்குத்தான் இன்னும் அவசியம். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

குளத்துக்குப் போகாத ஞாயிறு ஒன்றில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போய்வாருங்கள். 1976-இல் தொடங்கிய பண்ணை அது. வண்டூரில் உள்ள ஆய்வு நிலையத்தைத் தொடங்கியதும் அதே அறக்கட்டளைதான். அங்கே உவர்நீர் முதலையை நின்று நிதானமாகப் பாருங்கள். ஆற்றிலும் கடலிலும் வாழ்ந்து 6 மீட்டர் வரை வளரக்கூடிய விலங்கு அது. கண்ணும் மூக்கும் மட்டும் மேலே தெரிய, மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அந்தமானில் எச்சரிக்கைப் பலகையைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வர வேண்டும்.

போய்ச் சேர்வது

விமானம் வசதி. கப்பலும் உண்டு: சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமான் நிர்வாகத்தின் பயணிகள் கப்பல் ஏறக்குறைய மூன்று நாள் எடுக்கும். வழியில் பறக்கும் மீன்களும் ஓங்கில்களும் (டால்பின்) கண்ணில் படலாம். நேரம் இருப்பவர்களுக்கு மட்டும். போர்ட் பிளேரின் பெயர் 2024 முதல் ஸ்ரீ விஜய புரம். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் ஒன்றுதான். இந்தியர்களுக்கு அங்கே போகத் தனி அனுமதி வேண்டாம். பூங்காவுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அடையாள அட்டையும் அதன் நகலும் கையில் இருக்கட்டும். படகில் இடம் குறைவு, ஆகவே முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். மொழிக்குக் கவலையே வேண்டாம். கடைத்தெருவிலும் படகுத்துறையிலும் தமிழ் தாராளமாகக் காதில் விழும்.

முந்தைய இரவு வண்டூரிலேயே தங்க முடிந்தால் தங்குங்கள். காரணம் அடுத்த நாள் காலை.

காலை ஐந்து மணி: காட்டோரம்

அந்தமானில் கடிகாரம் நம்முடையதேதான், சூரியன் மட்டும் சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முந்திக்கொள்ளும். மார்ச்சில் ஐந்தரைக்கு விடிந்துவிடும், மாலை ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கும். ஐந்து மணிக்கே பைனாகுலரோடு சாலையில் இருக்க வேண்டும். படகு கிளம்பப் பொதுவாக ஒன்பது ஆகும் என்பதால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பறவைகளுக்குக் கிடைக்கிறது.

உலகில் வேறெங்கும் இல்லாமல் இந்தத் தீவுகளில் மட்டுமே வாழும் பறவைகள் இங்கே உண்டு. தேட அதிகம் அலைய வேண்டாம், காட்டை ஒட்டிய சாலையில் மெதுவாக நடந்தாலே சில தென்படும். 'ஊப், ஊப்' என்று ஒரு குரல் கேட்கும். நம்ம ஊர் செம்போத்து என்று நினைப்பீர்கள். தேடிப் பாருங்கள்: இறக்கை அதே செம்பழுப்பு, ஆனால் உடம்பு கறுப்பாக இல்லாமல் வெளிறிய பழுப்பு. அதுதான் அந்தமான் செம்போத்து. பட்டுப்போன மரத்தில் பலமாகத் தட்டும் சத்தம் வந்தால், உடல் முழுக்கக் கறுத்த அந்தமான் மரங்கொத்தியாக இருக்கலாம். ஆணுக்கு உச்சியில் சிவப்புக் கொண்டை. கிளை உச்சியில் அந்தமான் பாம்புக் கழுகு, கூட்டமாகக் கத்திப் பறக்கும் நீள்வால் கிளிகள், பழ மரங்களில் பெரிய பச்சைப் புறாக்கள் எல்லாம் அந்த நேரத்தில் எதிர்பார்க்கலாம். தென்னை, வாழை மட்டையில் பளிச்சென்ற பச்சைப் பல்லி ஒன்று ஓடினால் அதையும் விடாதீர்கள். பகலில் நடமாடும் அந்தமான் பல்லி அது.

எட்டு மணிக்குள் படகுத்துறை. அங்கே பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் பாட்டில், கவர், பிஸ்கெட் பாக்கெட் எதுவும் உள்ளே போகாது. எவர்சில்வர் டிபன் பாக்ஸில் புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனால் பிரச்சினையே இல்லை. தீவில் ஒன்றும் விற்க மாட்டார்கள். கழிப்பறை வேலையையும் வண்டூரிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். குமட்டல் வருபவர்கள் மாத்திரையை அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். படகு ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை.

கரையில் பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து வெளுத்துக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. சுனாமி வந்துபோனதோடு முடியவில்லை, அதற்கு அப்புறம் கடல் உள்ளேயே தங்கிவிட்ட இடங்கள் இவை.

படகுப் பயணம்

ஏறக்குறைய ஒரு மணி நேரம். பலர் பாட்டும் செல்ஃபியுமாக இருப்பார்கள். நீங்கள் ஓரத்தில் உட்கார்ந்து அலையாத்திக் காட்டைப் பாருங்கள். முட்டுக்கொடுத்ததுபோல் வளைந்து இறங்கும் வேர்களுக்கு நடுவே மீன்கொத்தியும், சேற்றுத் திட்டில் தத்தும் மீன்களும் இருக்கும். தண்ணீரோரம் கிடக்கும் கட்டையை இரண்டாவது முறை பாருங்கள். வானத்தில் வெண்வயிற்றுக் கடற்கழுகு வட்டமிட்டால், அதன் வெள்ளை வாலும் ஆப்பு வடிவமும் நன்றாகத் தெரியும்.

ஜாலி பாயில் படகுத்துறை கிடையாது. பெரிய படகு சற்றுத் தள்ளி நின்றுவிடும், அடியில் கண்ணாடி பதித்த சிறு படகில் கரைக்குக் கூட்டிப்போவார்கள். தண்ணீரில் இறங்க முடியாத தாத்தா பாட்டிகளுக்கு இந்தப் படகே பெரிய வரம். உங்களுக்கும் ஒரு பயன் உண்டு. எங்கே பவளம் அடர்த்தி, எங்கே வெறும் மணல் என்று இதிலிருந்தே மனதில் குறித்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்குள்

தீவில் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம். முக்கால் மணி வீதம் இரண்டு முறை இறங்குங்கள், நடுவே கரையேறித் தண்ணீர் குடியுங்கள். இறங்கும் இடம் மணலாக இருக்க வேண்டும். மாஸ்க்கைக் கரையிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், அனுமதித்த எல்லையைத் தாண்டாதீர்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து, முதலில் அதற்கு எதிராகப் போங்கள். களைத்தபின் அதுவே உங்களைத் திருப்பிக் கொண்டுவரும்.

கைடு உங்களை வேகமாக ஒரு சுற்று சுற்றிக்காட்டிவிட்டு அடுத்தவரை அழைக்கப் பார்ப்பார். அவருக்கும் நெருக்கடி. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நிறைய இடம் வேண்டாம், ஒரே இடத்துல கொஞ்ச நேரம் நிக்கணும்." பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். நின்று பார்க்க நினைப்பவர்களிடம் அவர்கள் காட்டும் அக்கறையே தனி.

முதல் நிமிடங்களில் ஏமாற்றம் தோன்றலாம், பவளம் படத்தில் பார்த்த நிறத்தில் இருக்காது. பழுப்பும் பாசிப்பச்சையும்தான் அதிகம். சில அடி ஆழத்திலேயே தண்ணீர் சிவப்பைக் குடித்துவிடுகிறது. பழுப்பு என்றால் அது உயிரோடு நலமாக இருக்கிறது என்று அர்த்தம். பவளம் ஒரு விலங்கு, அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி கொடுக்கும் நிறம் அது. கடல் சூடு தாங்காதபோது பாசி வெளியேறி, எலும்பு தெரியச் சுத்த வெள்ளையாகிவிடும். 2010-இல் அந்தமான் பவளத்தில் பெரும் பகுதி அப்படி வெளுத்தது. 2016-இலும் 2024-இலும் உலகக் கடல்களையே சூடு தாக்கியது. அதனால் சில இடங்களில் உடைந்த குச்சிகளாக, பாசி படர்ந்து கிடக்கும் பவளத்தையும் பார்ப்பீர்கள். அதையும் பாருங்கள். அதற்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் புதிதாக முளைத்திருக்கும் துண்டுகளையும் தேடுங்கள்.

இப்போது ஒரு பெரிய பாறையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி மிதந்து, அசையாமல் இருங்கள். இந்த நாளின் மொத்த சூட்சுமமும் இதுதான். நீங்கள் நீந்தும்போது மீன்கள் இடுக்குக்குள் போய்விடுகின்றன. நீங்கள் நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வெளியே வந்து விட்ட வேலையைத் தொடரும்.

காதைக் கொடுங்கள். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் ஒரு சடசடப்பு எல்லாத் திசையிலும் கேட்கும். சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் ஒலி. அதற்கு மேல் 'கரக்' என்று கடிக்கும் சத்தம் வந்தால் அது கிளிமீன். அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்று, சுண்ணாம்பை அரைத்து வெளியே விடும். அது பின்னால் ஒரு வெள்ளைப் புகையாக விழுவதைப் பார்க்கலாம். நீங்கள் கரையில் உட்காரப்போகும் வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான்.

பாறையின் ஒரு முனையில் விரல் நீளத்தில் ஒரு மீன், நீல உடம்பில் தலை முதல் வால் வரை கறுப்புப் பட்டையோடு, மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். துப்புரவு மீன். அது நிற்கும் இடத்துக்குப் பெரிய மீன்கள் தேடி வரும். ஒரு கலவாய் வந்து வாயைப் பிளந்து அசையாமல் நிற்கும், சின்னது வாய்க்குள் நுழைந்து ஒட்டுண்ணிகளைக் கொத்திவிட்டுச் செவுள் வழியாக வெளியே வரும். ஒரு கடியில் விழுங்கக்கூடியதை விழுங்காமல் நிற்கிறதே என்று வியப்பாக இருக்கும். கூர்ந்து பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அதே நிறம், அதே பட்டை, அதே ஆட்டத்தோடு ஒரு போலி மீனும் இந்தக் கடல்களில் இருக்கிறது. ஏமாந்து பக்கத்தில் வந்தால் துடுப்பைக் கடித்துவிட்டு ஓடும். அசலுக்கு வாய் முகத்தின் நுனியில், போலிக்கு மூக்குக்குக் கீழே.

கடல் சாமந்தியின் விழுதுகளுக்குள் கோமாளி மீன் குடும்பம் இருந்தால், எது பெரிது என்று பாருங்கள். பெரியது பெண். அது இறந்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். பாறையில் பதிந்த ராட்சதச் சிப்பியின் நீலமும் பச்சையுமான உதடுகள் உங்கள் நிழல் பட்டாலே சுருங்கும். ஆகவே சூரியனுக்கும் அதற்கும் குறுக்கே போகாதீர்கள். ஆமை வந்தால் யோகம். பேராமை கடற்புல் மேயும், கூரிய அலகுள்ள அழுங்காமை பாறையிடுக்கில் கடற்பஞ்சைத் தின்னும். துரத்தாதீர்கள், அதற்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். நீங்கள் வழிமறிக்காமல் இருந்தால் பக்கத்திலேயே மூச்சு வாங்கிவிட்டு இறங்கும்.

மீனுக்கு ரொட்டி போடாதீர்கள், படகுக்காரர் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எதையும் தொடாதீர்கள். இது பவளத்துக்காக மட்டும் இல்லை. கல் மீன் கல்லைப்போலவே கிடக்கும், அதன் முதுகு முள்ளில் கடும் விஷம். சிறகு விரித்த சிங்க மீனுக்கும் அப்படியே. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பெரிய அரசு மருத்துவமனை போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட கடல் பாம்பு பக்கத்தில் போனால் பதற வேண்டாம். விஷம் கடுமை, சுபாவம் சாது. வழிவிட்டால் போய்விடும்.

கரையில் கொஞ்ச நேரம்

சாப்பிட்டுவிட்டு மணலில் அசையாமல் உட்கார்ந்தால் பக்கத்தில் கிடக்கும் சங்குகள் நடக்கத் தொடங்கும். உள்ளே இருப்பது நண்டு. வளர வளரப் பெரிய சங்கு தேடி வீடு மாற வேண்டிய பிராணி அது. நாம் ஒரு சங்கை எடுத்தால் அதற்கு ஒரு வீடு குறையும். குழந்தைகளிடம் இதை இங்கேயே காட்டிச் சொல்லிவிட்டால் திரும்பும்போது சங்குக்காக அடம்பிடிக்க மாட்டார்கள்.

மாலை

மூன்று மணி வாக்கில் வண்டூர் திரும்பிவிடுவீர்கள். உடம்பு அசந்திருக்கும், ஆனாலும் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. வண்டி இருந்தால் சிடியா தாப்பு போகலாம், மாலையில் பறவைகளுக்கும் சூரியன் மறைவதற்கும் நல்ல இடம். நான் வண்டூரிலேயே இருப்பதைத்தான் விரும்புவேன். லோஹா பேரக் முதலைச் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே கடலில் கால் நனைக்கவும் வேண்டாம். வலை கட்டிய பகுதி, எச்சரிக்கைப் பலகை எல்லாம் காரணத்தோடுதான் இருக்கின்றன. ஓடை கடலில் சேரும் இடமும் அந்தி நேரமும் உவர்நீர் முதலைக்கு உகந்தவை. சாலையோரமாக நின்றால் உழவாரன்கள் தாழப் பறந்து பூச்சி பிடிப்பதையும், இருட்டியதும் ஆந்தைகளின் குரலையும் கேட்கலாம். மணல் ஈக்கள் கணுக்காலைப் பதம் பார்க்கும், கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும். கடற்கரையில் உட்காரும் முன் காலில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள்.

திரும்பும்போது

பவளத் துண்டு, செத்ததாக இருந்தாலும், பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 பவளத்தையும் ராட்சதச் சிப்பியையும் கடல் அட்டையையும் பாதுகாக்கிறது. விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரியும், வழக்கும் வரும். மாஸ்க்கையும் ஸ்நார்க்கலையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சிலிகோன் மஞ்சளாகிவிடும்.

பார்த்த பறவைகளை இ-பேர்ட் இணையதளத்தில் பதியுங்கள், மீன், பல்லி, நண்டுப் படங்களை ஐ-நேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுங்கள். பெயர் தெரியாததைத் தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். வெளுத்த பவளத்தைப் பார்த்திருந்தால் இடமும் தேதியும் சேர்த்து எழுதுங்கள். கடல் பசு அந்தமானின் மாநில விலங்கு, எண்ணிக்கையும் மிகக் குறைவு. யோகம் இருந்து அது கண்ணில் பட்டிருந்தால், வண்டூர் வனத்துறை அலுவலகத்தில் அன்றைக்கே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.